ஒரே நாணயத்துக்கு மூன்று விடைகள்: 1, 0.693, 0.301

கேட்டவரின் குழப்பத்தை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். ஒரு சம நாணயத்தைச் சுண்டினால் கிடைக்கும் தகவல் 1 பிட் என்று பாடநூல் சொல்கிறது. அவரே எழுதிய பைத்தான் நிரல் 0.693 என்று காட்டுகிறது. பத்தின் அடிமானத்தில் மடக்கை எடுத்த நண்பருக்கு 0.301 வந்திருக்கிறது. மூன்றில் எது சரி, இந்தப் பிட்டும் கைப்பேசி நினைவகத்தில் இருக்கும் பிட்டும் ஒன்றுதானா, அரை பிட் என்று ஒன்று இருக்க முடியுமா என்பவை அவர் கேட்ட மூன்று கேள்விகள். இவற்றுக்கு அடியில் இருப்பவை இரண்டே ஐயங்கள் என்று நினைக்கிறேன். அளக்கும் கோல் மாறினால் அளக்கப்படும் பொருளும் மாறுமா என்பது ஒன்று. பாத்திரத்தின் கொள்ளளவும் அதற்குள் இருக்கும் பாலின் அளவும் ஒன்றா என்பது மற்றொன்று. தகவல் தொடர்புப் பொறியியலை இருபது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நடத்தியவன் நான். ஒவ்வோர் ஆண்டும் இந்த இரண்டு ஐயங்களும் ஏதேனும் ஒரு வடிவில் எழாமல் இருந்ததில்லை. எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எதை அளக்கிறோம் என்பதிலிருந்து தொடங்குவோம். நாணயத்தைவிடத் தாயக்கட்டை இதற்கு நல்ல உதாரணம். பித்தளைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கங்கள். மூன்று பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள், நான்காவது பக்கம் வெறுமை. கட்டைகள் ஒரு பக்கமாகச் சாயாதவை என்று கொண்டால், உருட்டும்போது பதினாறு சேர்க்கைகளும் சம வாய்ப்புடன் விழும். மூன்று விழுவதற்கு நான்கு வழிகள் உண்டு. தாயம் விழ ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் வேண்டும்; அதற்கு இரண்டு வழிகள். பன்னிரண்டு விழ இரண்டும் வெறுமையாக வேண்டும், ஒரே வழி. ஆகவே மூன்றின் நிகழ்தகவு நான்கில் ஒன்று, தாயத்துக்கு எட்டில் ஒன்று, பன்னிரண்டுக்குப் பதினாறில் ஒன்று.

இப்போது அடுத்த அறையில் ஒருவர் இருக்கிறார். ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை, "தாயம்!" என்ற கூவல் மட்டும் காதில் விழுகிறது. அந்த ஒரு சொல் அவருக்கு எவ்வளவு சொன்னது? கேட்பதற்கு முன் பதினாறு சேர்க்கைகளில் எதுவும் விழுந்திருக்கலாம். கேட்ட பின் இரண்டுதான் மிச்சம். பதினாறு எட்டாகி, எட்டு நான்காகி, நான்கு இரண்டாகியிருக்கிறது. மூன்று முறை பாதியாக்கம். அதுதான் மூன்று பிட். "பன்னிரண்டு!" என்று கேட்டிருந்தால் நான்கு பிட், "மூன்று!" என்று கேட்டிருந்தால் இரண்டே பிட். அரிதாக விழுவது அதிகம் சொல்கிறது. அடிக்கடி விழுவது குறைவாகச் சொல்கிறது. தாயம் விழுந்தால் வீடே அதிரும் அளவுக்குக் கத்துவதும் மூன்று விழுந்தால் யாரும் திரும்பிப் பார்க்காததும் இந்தக் கணக்குக்கு ஒத்துப்போகின்றன.

அடுத்தடுத்து இரண்டு முறை தாயம் விழுந்தால் நிகழ்தகவுகள் பெருக்கப்படுகின்றன: எட்டில் ஒன்று பெருக்கல் எட்டில் ஒன்று, அறுபத்து நான்கில் ஒன்று. ஆனால் தகவலைப் பற்றிய நம் உணர்வு கூட்டலாகத்தான் இருக்கிறது. இரண்டு செய்திகள் என்றால் இரண்டு மடங்கு. பெருக்கலைக் கூட்டலாக்கும் கருவி மடக்கை. நிகழ்தகவின் தலைகீழுக்கு மடக்கை எடுத்தால் மூன்றும் மூன்றும் ஆறு என்று வந்துவிடுகிறது. தகவலின் அளவை இப்படி மடக்கையாக எழுதுவதற்கு இதைவிட அடிப்படையான காரணம் தேவையில்லை. மடக்கை என்று முடிவு செய்ததும் அடுத்த கேள்வி தானே வந்து நிற்கும்: எந்த அடிமானம்? அடிமானத்தை எடுத்துக்கொள்வது நம் விருப்பம். அந்த விருப்பத்துக்கு வைத்த பெயர்தான் அலகு.

அடிமானம் 2 என்றால் விடை பிட்டில் வரும். இயல் மடக்கை, அதாவது 2.71828 என்று தொடங்கும் எண்ணை அடிமானமாகக் கொண்ட மடக்கை எடுத்தால் விடை நேட்டில் வரும். அடிமானம் 10 என்றால் ஹார்ட்லி. அதையே பான் என்றும் டிட் என்றும் சொல்வதுண்டு. ஒரு பிட் 0.693 நேட்டுக்குச் சமம், அதுவே 0.301 ஹார்ட்லிக்கும் சமம். திருப்பிச் சொன்னால் ஒரு நேட் 1.443 பிட், ஒரு ஹார்ட்லி 3.322 பிட். ஆகவே உங்கள் மூன்று விடைகளும் சரி; மூன்றும் ஒரே விடை. தாயத்தின் தகவலை 3 பிட் என்றும் 2.079 நேட் என்றும் 0.903 ஹார்ட்லி என்றும் சொல்லலாம். ஒரே வேட்டியை முழத்தில் அளந்தாலும் மீட்டரில் அளந்தாலும் வேட்டி நீள்வதில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மீட்டருக்கு நீளம் என்ற பரிமாணம் உண்டு. பிட்டுக்கு அப்படி எதுவும் இல்லை, அது வெறும் எண். அதனால்தான் நிரல்கள் அலகைச் சொல்லாமலே எண்ணைத் துப்பிவிடுகின்றன, நாமும் கவனிக்காமல் எடுத்துக்கொண்டுவிடுகிறோம்.

இந்த மூன்று அலகுகளும் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்தால் எதை எங்கே பயன்படுத்துகிறார்கள் என்பதும் விளங்கும். பெல் ஆய்வகத்தின் ரால்ஃப் ஹார்ட்லி 1928இல் வெளியிட்ட கட்டுரையில், பல குறியீடுகளிலிருந்து தேர்ந்தெடுத்து அனுப்பும் செய்தியின் தகவலை மடக்கையால் அளக்கலாம் என்று காட்டினார். எல்லாக் குறியீடுகளும் சம வாய்ப்புடையவை என்பது போன்ற கணக்கு அது. எந்த அடிமானத்தை எடுக்கிறோமோ அது அலகின் பருமனை முடிவு செய்யும் என்பதையும் அவர் அப்போதே சொல்லிவிட்டார். இருபது ஆண்டுகள் கழித்து, அதே ஆய்வகத்தின் கிளாட் ஷானன் நிகழ்தகவுகள் சமமாக இல்லாத நிலைக்கும் இதை விரித்தார். 1948இல் வந்த அந்தக் கட்டுரையின் தொடக்கப் பகுதியை ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன். அங்கே அடிமானம் 2 என்றால் பிட் என்கிறார். இந்தச் சொல்லைப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி முன்மொழிந்தார் என்று நன்றியோடு குறிப்பிடுகிறார். அடிமானம் 10 என்றால் ஒரு பதின்ம இலக்கம், அது ஏறத்தாழ மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் பிட் என்கிறார். நுண்கணிதம் செய்யும்போது இயல் மடக்கை வசதி என்கிறார். உங்கள் 1, 0.301, 0.693 மூன்றுக்கும் அந்த ஒரே இடத்தில் விடை இருக்கிறது.

பத்தின் அடிமானத்துக்கு இன்னொரு பெயர் இருக்கிறது என்றேனே, அந்தப் பெயரின் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் டூரிங்கும் அவருடைய குழுவும் ஜெர்மன் கடற்படை எனிக்மா என்ற மறையாக்க இயந்திரத்தில் அனுப்பிய செய்திகளை உடைக்க முயன்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய முறைகளில் ஒன்றுக்கு நீண்ட காகிதத் தாள்கள் தேவைப்பட்டன. அவை பான்பரி என்ற ஊரில் அச்சிடப்பட்டவை. முறைக்குப் பான்புரிஸ்மஸ் என்று பெயர் வந்தது. சான்றின் எடையை, அதாவது ஒரு சான்று ஓர் ஊகத்தை எவ்வளவு ஆதரிக்கிறது என்பதை, அளக்கும் அலகுக்குப் பான் என்று பெயர் வந்தது. ஷானனின் கட்டுரை வெளிவருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, மேசை மேல் வைத்து நாள்தோறும் கையாளப்பட்ட அலகு இது.

வேலை இப்படி நடந்தது. ஒவ்வொரு மறைசெய்தியையும் ஒரு தாளில் துளைகளாகப் பதிப்பார்கள். செய்தியின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நெடுவரிசை, அதில் அந்த எழுத்துக்குரிய இடத்தில் ஒரு துளை. இரண்டு செய்திகளின் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நகர்த்தினால், ஒரே எழுத்து ஒரே இடத்தில் வரும்போது துளைகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தித் தெரியும். தொடர்பே இல்லாத இரண்டு வரிசைகள் என்றால் இருபத்தாறில் ஒரு இடம் தற்செயலாகப் பொருந்தும். இரண்டும் எனிக்மா இயந்திரத்தின் ஒரே நிலைகளில் மறையாக்கம் செய்யப்பட்டவை என்றால், ஜெர்மன் மொழியில் சில எழுத்துகள் அடிக்கடி வருவதால் ஏறத்தாழ பதினேழில் ஒன்று பொருந்தும். இப்போது கணக்கைப் போடுங்கள். ஒரு பொருத்தம் கிடைத்தால் அது "ஒரே நிலை" என்ற ஊகத்துக்கு ஆதரவாக 26/17 மடங்கு. அதன் பத்தடிமான மடக்கை 0.1845. பொருந்தாத ஒவ்வோர் இடமும் ஊகத்துக்கு எதிராகச் சிறிது தள்ளும், அது 0.0093. இந்த எண்கள் பானில் மிகச் சிறியவையாக இருப்பதால், ஒலிக்குப் பெல்லைப் பத்தாகப் பிரித்து டெசிபெல் ஆக்கியதுபோல், பானைப் பத்தாகப் பிரித்து டெசிபான் ஆக்கினார்கள். ஒரு பொருத்தத்துக்கு 1.845 டெசிபான் கூட்ட வேண்டும். ஒரு பொருந்தாமைக்கு 0.093 டெசிபான் கழிக்க வேண்டும். நூறு இடங்களில் ஒன்பது பொருத்தம் என்றால் 16.6 கூட்டி 8.5 கழித்து, ஏறத்தாழ 8.1 டெசிபான் மிஞ்சும். ஊகத்தின் வாய்ப்பு விகிதம் ஆறரை மடங்கு ஏறியிருக்கிறது என்று பொருள். நடைமுறையில் தொடர்ச்சியாகப் பொருந்தும் எழுத்துகளுக்குத் தனி மதிப்பெண் உண்டு, நான் காட்டியது எளிமையாக்கிய வடிவம். ஆனால் சாரம் இதுதான். பெருக்கிப் பெருக்கிக் களைத்துப்போக வேண்டிய இடத்தில், கூட்டிக்கொண்டே போனார்கள்.

டூரிங்குடன் அங்கே பணியாற்றிய புள்ளியியலாளர் ஐ. ஜே. குட், மனித உள்ளுணர்வு உணரக்கூடிய மிகச் சிறிய சான்று மாற்றம் ஏறத்தாழ ஒரு டெசிபான் என்று பின்னாளில் எழுதினார். ஒரு டெசிபான் என்பது வாய்ப்பு விகிதத்தில் ஏறக்குறைய கால் பங்கு ஏற்றம். இதை அனுபவம் மிக்க ஒருவரின் கணிப்பாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆய்வகத்தில் அளந்து நிறுவிய விதியாக அல்ல. இன்னொன்றையும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். தாயத்தில் நாம் அளந்தது ஒரு நிகழ்ச்சியின் தகவல். பான்புரிஸ்மஸில் அளந்தது இரண்டு ஊகங்களுக்கு இடையே சான்றின் எடை. முதலாவது ஒருபோதும் எதிர்மறையாகாது, இரண்டாவது ஆகலாம். அலகு ஒன்று என்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

நேட்டுக்கு இப்படிப்பட்ட கதை இல்லை. ஆனால் இன்று உங்களைப் போன்றவர்கள் அதிகம் சந்திக்கப்போவது அதைத்தான். வகையிடல், தொகையிடல் செய்ய வேண்டிய எந்த இடத்திலும் இயல் மடக்கைதான் குப்பையில்லாமல் வரும். மற்ற அடிமானங்களில் ஒவ்வொரு வரியிலும் ஒரு மாறிலி ஒட்டிக்கொண்டே வரும். அதனால் இயற்பியலாளர்களும் இயந்திரக் கற்றல் துறையினரும் நேட்டிலேயே வேலை செய்கிறார்கள், பல நேரம் அந்தப் பெயரைக்கூடச் சொல்லாமல். பைத்தானின் சைபை நூலகத்தில் என்ட்ரோபியை, அதாவது சராசரித் தகவலை, கணக்கிடும் சார்பு, அடிமானத்தை நீங்கள் குறிப்பிடாவிட்டால் இயல் மடக்கையைத்தான் எடுத்துக்கொள்ளும். உங்கள் 0.693 அங்கிருந்து வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இரண்டே வகைகளைப் பிரிக்கும் நரம்பு வலையமைப்புக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் இதே 0.693ஐப் பிழை மதிப்பாகத் திரையில் பார்ப்பார்கள். வகைகள் சம எண்ணிக்கையில் இருக்கும்போது அந்த எண் நகராமல் அங்கேயே நின்றால், வலையமைப்பு இன்னும் நாணயம் சுண்டித்தான் விடை சொல்கிறது, ஒரு பிட் முழுவதும் தெரியாமல் இருக்கிறது என்று அர்த்தம்.

வெப்ப இயக்கவியலோடு ஒரு தொடர்பும் உண்டு. இதை என் துறைக்கு வெளியே நின்று, படித்தவன் என்ற அளவில் சொல்கிறேன். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ரால்ஃப் லாண்டவர் 1961இல், ஒரு பிட் தகவலை அழிக்கக் குறைந்தபட்சம் ஒரு குறிப்பிட்ட ஆற்றல் வெப்பமாக வெளியேறியே தீர வேண்டும் என்று காட்டினார். போல்ட்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கி, 0.693ஆலும் பெருக்கினால் அந்த அளவு வரும். 300 கெல்வினில் அது ஏறத்தாழ 2.87 × 10⁻²¹ ஜூல். 2012இல் பிரான்சின் லியோன் நகரில், ஒரு நுண்துகளை இரண்டு பள்ளங்களுக்கு இடையே நகர்த்தி இந்த எல்லையைச் சோதனையிலும் அணுகிக் காட்டினார்கள். அந்தச் சூத்திரத்தில் வரும் 0.693 இயற்கையின் தனி மர்மம் அல்ல. பிட்டை நேட்டாக மாற்றும் எண், அவ்வளவுதான். நேட்டில் எழுதினால் அது மறைந்தே போகும்.

அலகை எழுதாமல் விடுவதன் விலையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இறுதியாண்டு மாணவர் இருவர், ஒரே தரவை இரண்டு மென்பொருள்களில் ஓட்டி, தீர்மான மரத்துக்கான (கேள்வி கேள்வியாகக் கேட்டுத் தரவை வகைப்படுத்தும் முறை அது) என்ட்ரோபியை ஒப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். ஒன்றில் 0.98, மற்றதில் 0.68. இரண்டாவது மென்பொருள் தரவிலிருந்து இரைச்சலை நீக்கிவிடுகிறது, அதனால்தான் ஒழுங்கின்மை குறைந்திருக்கிறது என்று அறிக்கையில் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார்கள். வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய மாலை அது. நானும் அவர்களோடு உட்கார்ந்து தரவுக் கோப்பை வரிவரியாக ஒப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணாக்கினேன். பிறகுதான் ஒன்றை மற்றதால் வகுத்துப் பார்க்கத் தோன்றியது. 1.44 வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் மூவரும் பேனாவைக் கீழே வைத்தோம். அன்றிலிருந்து என் மாணவர்களுக்கு நான் கொடுத்த கட்டளை: இரண்டு தகவல் அளவுகள் ஒத்துவராவிட்டால் வேறு எதையும் தேடும் முன் வகுத்துப் பாருங்கள். 1.44, 2.30, 3.32 ஆகியவற்றில் ஒன்று வந்தால் சிக்கல் தரவில் இல்லை, அடிமானத்தில் இருக்கிறது.

இனி இரண்டாவது ஐயம்: நினைவகத்தின் பிட்டும் இந்தப் பிட்டும் ஒன்றா? ஒன்றல்ல, ஆனால் உறவு உண்டு. குழப்பத்தின் வேரும் ஷானன் கட்டுரையின் அதே தொடக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டு நிலைகளில் நிற்கக்கூடிய ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சாவி, ஒரு பிட் தகவலைச் சேமிக்க முடியும் என்கிறார். "முடியும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அது கொள்ளளவு. ஒரு லிட்டர் செம்பில் ஒரு லிட்டர் பால் பிடிக்கும். எப்போதும் ஒரு லிட்டர் பால் இருக்கும் என்று அர்த்தமில்லை. நினைவகத்தின் பிட் என்பது செம்பு. தகவல் கோட்பாட்டின் பிட் என்பது பால். செம்பு பிடிப்பதைவிட அதிகமாகப் பாலை அடைக்க முடியாது; குறைவாக வைக்கலாம், காலியாகவும் வைக்கலாம்.

நாம் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் எழுத்துகளையே பார்ப்போம். "அம்மா" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்துகள்: அ, ம், மா. யூனிகோடில் இவை ஐந்து குறிகள்: அ, ம, புள்ளி, மறுபடியும் ம, பிறகு கால். இணையத்தில் பரவலாக உள்ள யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஆக "அம்மா"வுக்கு 15 பைட், 120 பிட். இது செம்பின் அளவு. பால் எவ்வளவு? தமிழின் 247 எழுத்துகளும் சம வாய்ப்புடன் வருவதாக வைத்துக்கொண்டால்கூட ஓர் எழுத்துக்கு 7.95 பிட்தான், மூன்றுக்கும் சேர்த்து 24 பிட்டுக்குச் சற்றுக் குறைவு. உண்மையில் அதைவிடவும் மிகக் குறைவு, ஏனென்றால் எழுத்துகள் சம வாய்ப்புடன் வருவதில்லை. ஒன்றையொன்று கட்டுப்படுத்திக்கொண்டே வருகின்றன.

இந்தக் கட்டுப்பாட்டைத் தமிழ் இலக்கணமே அழகாகக் காட்டுகிறது. உடனிலை மெய்ம்மயக்கம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். தமிழ்ச் சொல்லுக்குள் க், ச், த், ப் ஆகிய நான்கு மெய்களும் தம் வரிசை எழுத்துகளோடு மட்டுமே சேரும். "பக்" என்று எழுதி நிறுத்தினால், அடுத்து வரும் எழுத்து ககர வரிசையில்தான் இருக்க வேண்டும், பக்கம், பக்குவம். மெய் எது என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே தெரியும். அது தரும் தகவல் சுழியம். மிச்சம் இருப்பது பன்னிரண்டு உயிர்களில் எது என்பது மட்டுமே. 7.95 பிட்டாக இருந்த உச்ச வரம்பு, பன்னிரண்டின் மடக்கையான 3.58 பிட்டுக்கு இறங்கிவிடுகிறது. "பக்தி", "சக்தி" போன்ற வடசொற்கள் இந்த வழக்கத்தை மீறுகின்றன. அந்த மீறலும் ஒரு தகவல்தான்; இது வெளியிலிருந்து வந்த சொல் என்று அது நமக்குச் சொல்லிவிடுகிறது. இலக்கணம் வகுத்தவர்கள் மடக்கை எடுக்கவில்லை, உண்மைதான். ஆனால் எந்த எழுத்துக்குப் பின் எது வரும், எது வராது என்று அவர்கள் கவனித்துப் பட்டியலிட்டது, தகவல் கோட்பாட்டுக்காரர் ஒருவர் முதல் நாளில் செய்ய விரும்பும் வேலையேதான்.

அரை பிட்டுக்கு வருவோம். ஒரு நாணயம் சாய்வானது. பத்தில் ஒன்பது முறை தலை, ஒரு முறை பூ. தலை விழுந்தால் தகவல் 0.152 பிட். பூ விழுந்தால் 3.322 பிட், அதாவது சரியாக ஒரு ஹார்ட்லி. சராசரி எடுத்தால் ஒரு சுண்டலுக்கு 0.469 பிட். அரை பிட்டுக்கும் குறைவு. "நிலையில்லாத கணக்கு இது, ஒரு சுண்டலைப் பதிய ஒரு பிட் வேண்டுமே, அரை பிட்டில் எப்படி எழுதுவது?" என்று வகுப்பில் கேட்பார்கள். தனித்தனியாக எழுத முடியாது, சேர்த்து எழுதலாம். இரண்டு சுண்டல்களை ஒன்றாகக் கட்டுங்கள். தலை-தலைக்கு 0, தலை-பூவுக்கு 10, பூ-தலைக்கு 110, பூ-பூவுக்கு 111 என்று குறியீடு வையுங்கள். நூற்றில் 81 முறை ஒரே ஓர் இலக்கம் போதும். சராசரியைக் கணக்கிட்டால் இரண்டு சுண்டலுக்கு 1.29 இலக்கம், ஒன்றுக்கு 0.645. மூன்று மூன்றாகக் கட்டி இதேபோல் சிறந்த குறியீடு வைத்தால் ஒன்றுக்கு 0.533. கட்டு பெரிதாகப் பெரிதாக அந்த எண் 0.469ஐ நோக்கி இறங்கிக்கொண்டே போகும். ஆனால் எவ்வளவு கெட்டிக்காரத்தனமான குறியீடும் அதற்குக் கீழே போகாது. இது ஷானன் நிறுவிய தேற்றம்; இதில் ஐயத்துக்கு இடமில்லை. செம்பில் இருப்பதைச் சிறிய செம்புக்கு மாற்றலாம், பாலின் அளவைவிடச் சிறிய செம்புக்கு மாற்ற முடியாது.

இந்த இரட்டைப் பொருளைத் தவிர்க்க ஒரு முயற்சி நடந்திருக்கிறது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 80000-13 தரநிலை, தகவல் அளவுக்கு ஷானன் என்ற அலகையும், பத்தடிமானத்துக்கு ஹார்ட்லியையும், இயல் மடக்கைக்கு நேட்டையும் வகுத்துக் கொடுத்திருக்கிறது. அதன்படி பிட் என்பது செம்புக்கு, ஷானன் என்பது பாலுக்கு. நல்ல ஏற்பாடு. வகுப்பில் சில ஆண்டுகள் நானும் ஷானன் என்றே சொல்லிப் பார்த்தேன். மாணவர்கள் நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தால் அங்கே பிட் என்றே இருக்கும். கடைசியில் பிட்டுக்கே திரும்பினேன், ஆனால் "எந்தப் பிட்?" என்று கேட்கும் பழக்கத்தை விடவில்லை. பைட், கிலோபைட், ஆயிரமா 1024ஆ என்ற வழக்கு எல்லாம் முழுக்க முழுக்கச் செம்பின் கணக்கு. உங்கள் கேள்விக்கு அவை தேவையில்லை.

இதுவரை சொன்னவற்றில் அடிமானம், மாற்றும் எண்கள், குறியீட்டின் எல்லை ஆகியவை கணிதம்; அசையாது. அசையக்கூடியது எது என்றால், நிகழ்தகவு எங்கிருந்து வருகிறது என்பது. ஷானன் 1951இல், வாசகர்களை அடுத்த எழுத்தை ஊகிக்கச் சொல்லி, ஆங்கில எழுத்து ஒன்றின் தகவலை மதிப்பிட்டார். 26 எழுத்துகளும் ஓர் இடைவெளியும் சம வாய்ப்புடன் வந்தால் 4.75 பிட் வர வேண்டும். முன்னால் உள்ள நூறு எழுத்துகள் வரை தெரிந்தவர்களுக்கு அது 0.6 முதல் 1.3 பிட் வரைதான் என்று கண்டார். ஒரே எண்ணாக இல்லாமல் இரண்டு எண்களுக்கு இடைப்பட்ட வரம்பாக அவர் சொன்னதை மதிக்கிறேன். மொழியை நன்றாக அறிந்தவருக்கு அடுத்த எழுத்து குறைவாகச் சொல்லும். அறியாதவருக்கு அதிகம் சொல்லும். தமிழுக்கு "ஓர் எழுத்துக்கு இத்தனை பிட்" என்று யாரேனும் ஒற்றை எண்ணைக் கொடுத்தால், எதை ஓர் எழுத்தாக எண்ணினீர்கள், 247இல் ஒன்றையா யூனிகோடு குறியையா, எந்த நூல்களை வைத்து எண்ணினீர்கள், இடைவெளியைச் சேர்த்தீர்களா என்று கேளுங்கள். ஒவ்வொரு விடைக்கும் எண் மாறும். புணர்ந்து நீளும் சொற்கள் உள்ள மொழியில் சொல்லுக்கு இத்தனை பிட் என்பது இன்னும் வழுக்கலான பேச்சு.

இந்த அளவுக்கு இன்னோர் எல்லையும் உண்டு. "தாயம்!" என்ற கூவல் மூன்று பிட் என்று சொல்லும்போது, ஆட்டத்தில் வெட்டுப்பட இருந்த காய் அதனால் தப்பியதா என்பது அந்த எண்ணில் இல்லை. பொருள், பயன், முக்கியத்துவம் எதையும் பிட் அளப்பதில்லை. அளப்பதாக ஷானனும் சொல்லவில்லை. பொறியியல் சிக்கலுக்குப் பொருள் சம்பந்தப்பட்டதல்ல என்று தொடக்கத்திலேயே விலக்கி வைத்துவிட்டுத்தான் அவர் மேலே போனார்.

உங்கள் நிரலுக்கு வந்தால், என்ட்ரோபி சார்பை அழைக்கும் வரியில் அடிமானம் 2 என்று சேர்த்து மறுபடி ஓட்டுங்கள், 0.693 இருந்த இடத்தில் 1 வரும். அதே வரியில் சம நாணயத்துக்குப் பதிலாக 0.9, 0.1 என்று கொடுத்தால் 0.469 வர வேண்டும். வரவில்லை என்றால், வந்த எண்ணையும் அந்த வரியையும் இங்கே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.